பழைய பிஓ 105: மெஷின் தேவலை, பெட்டிகள்தான் மோசம்

முப்பது வருடம் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் கேரட் பாத்தியும் பேரனுமாகக் காலம் போகிறது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர், பழைய ஹெலிகாப்டர் விலைக்கு வருகிறது, கூட வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். போனேன்.

வண்டி எம்பிபி கம்பெனியின் பிஓ 105. ஜெர்மனியில் 1967-இல் முதன்முதலாகப் பறந்தது, 2001-இல் உற்பத்தி நின்றது. இரண்டு அலிசன் 250 இன்ஜின்கள், ஒவ்வொன்றும் 420 குதிரைத்திறன். பிளேடுகள் மேலும் கீழும் ஆட ரோட்டர் தலையில், அதாவது பிளேடுகள் வந்து சேரும் நடுப்பாகத்தில், கீல் கிடையாது, பிளேடே வளைந்து கொடுக்கும். அதனால் பைலட் ஸ்டிக்கை அசைத்ததும் வண்டியே திரும்பிவிடும். பள்ளத்தாக்குக் காற்றில் அது பெரிய சௌகரியம். பின்பக்கம் இரட்டைக் கதவு, ஸ்ட்ரெச்சரை அப்படியே உள்ளே தள்ளலாம். மில்காரர் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு இன்ஜின் இருக்குதுங்களே, ஒண்ணு நின்னாலும் ஊட்டி வந்து சேர்ந்துரலாமில்லீங்க?"

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 80 பங்குதான். ஆளும் எரிபொருளும் நிரப்பிக்கொண்டு வரும்போது ஒரு இன்ஜின் நின்றால், ஊட்டியில் ஹெலிகாப்டர் இறங்கும் தீட்டுக்கல் மைதானத்து உயரத்தில் இது தாக்குப்பிடிக்காது. மெல்ல இறங்கிக்கொண்டே சமவெளிப் பக்கம் போக வேண்டியதுதான். சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது.

டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியுமாக அரை நாள் பார்த்தேன். ரிவெட் வரிசைகளில் அரிப்பு இல்லை. யாரோ அக்கறையாக வைத்திருந்த வண்டி.

அப்புறம் பெட்டிகள். "பதினோரு பெட்டி ஸ்பேர், இனாம்" என்றார் விற்பவர். ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், எரிபொருள் பம்ப், டெயில் ரோட்டர் பிளேடு என்று பார்க்கக் கண்காட்சி மாதிரிதான் இருந்தது. பாதிக்கு லாக் கார்டே, அதாவது பாகத்தின் வரலாறு எழுதிய அட்டையே, இல்லை. பொருத்தத் தகுந்தது என்று சொல்லும் விடுவிப்புச் சான்று இல்லாத பாகத்தை மாட்டிவிட்டு எந்த இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குவது? எவ்வளவு பளபளத்தாலும் அது பழைய இரும்புதான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். சுழலும்போது பிளேடுகள் பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பவை டென்ஷன் டார்ஷன் ஸ்ட்ராப்கள். அவற்றுக்குப் பறந்த கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. ஷெட்டில் சும்மா நின்றாலும் ஆயுள் ஓடிக்கொண்டே இருக்கும். "ரொம்பக் கம்மியாத்தான் பறந்திருக்கு சார்" என்று விற்பவர் நாலு தடவை சொன்னார். கார்டைப் பார்த்தால், மாட்டிப் பன்னிரண்டு வருடம். கெடு எப்போதோ முடிந்திருந்தது. இதை அவரே சொல்லியிருக்க வேண்டும்.

நாலு ஸ்ட்ராப்பும் புதிதாக, சான்றோடு மாட்டினால் பேசுவோம், பெட்டிகள் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி, முன்பணம் கொடுக்காமல் கிளம்பினோம். பர்லியாறில் டீ குடிக்கும்போது மில்காரர் மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கதவு மட்டும் தனியா கிடைக்குமாங்க?"