திருவாரூர் - காரைக்குடி டெமு ரயில்: சீசன் டிக்கெட் எடுக்கலாமா வேணாமா?

ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு திருவாரூர்ல வேலை கெடச்சிருக்கு, வீடு முத்துப்பேட்டை. "மாப்ள, டெமுவ நம்பி சீசன் எடுக்கவா, இல்ல பைக்குக்கு லோன் போட்டுடவா"ன்னு கேட்டான். அவனுக்கு பதில் டைப் பண்ண ஆரம்பிச்சு அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போனதால இங்கயே போட்டுடுறேன், லைன் ஓப்பன் ஆன புதுசுலேருந்து இதுல போய்ட்டு வர்றவன்ங்கற முறையில.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், அப்பறம் கோவத்துல விட்டுப்போயிடும். வண்டி ஓடிட்டா சுகம்தான். பஸ்ஸுல இடுப்பு ஒடியுற ரோட்டுக்கு இது எவ்வளவோ தேவல. சம்பா நடவு முடிஞ்ச நேரத்துல ஆலத்தம்பாடி, திருநெல்லிக்காவல் பக்கம் ஜன்னலோரம் உக்காந்துட்டா மொபைல எடுக்கவே தோணாது. டிக்கெட்டும் பஸ்ஸோட பாத்தா சல்லிசு, சீசன்னா கேக்கவே வேணாம்.

இப்ப எரிச்சலுக்கு வருவோம். 2012ல மீட்டர் கேஜ மூடினாங்க. அகலப்பாதை போடறோம், சீக்கிரம் வண்டி வந்துடும்னாங்க. அந்த "சீக்கிரம்" 2019 ஜூன்ல வந்துச்சு. சரி, வந்துச்சேன்னு ஏறி உக்காந்தா 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல! ஏன்னா பாதை போட்டாங்க, ஸ்டேஷன் கட்டினாங்க, கேட்டும் வச்சாங்க, கேட்டுக்கு ஆள் போடல. கேட் கீப்பரையும் வண்டியிலயே ஏத்தி அனுப்பிட்டாங்க. கேட்டுக்கு முன்னாடி வண்டி நிக்கும், முன்னால இருக்கறவர் எறங்கி நடந்து போய் கேட்ட சாத்துவார், வண்டி கேட்டத் தாண்டிப் போய் மறுபடி நிக்கும், பின்னால கார்டு பெட்டியில இருக்கறவர் எறங்கி கேட்டத் தொறந்துட்டு வந்து ஏறுவார். அடுத்த கேட்டுலயும் இதே கூத்து. ஒரு தடவ தில்லைவிளாகம் பக்கத்துல அறுப்பு மெஷின்காரர் ஒருத்தர் கேட்ட சாத்த வந்தவர்கிட்ட "அண்ணே, அறுப்பு கெடக்கு, நான் மொதல்ல போயிக்கறேனே"ன்னு கேட்டு, அவரும் பாவம் போன்னு விட்டு, மெஷின் ஆடி அசைஞ்சு தாண்டற வரைக்கும் நாங்க அத்தன பேரும் ரயில்ல உக்காந்து வேடிக்க பாத்தோம். கோடி கோடியா கொட்டி போட்ட லைன்ல அறுப்பு மெஷினுக்கு ரயில் வழிவிட்டுச்சுன்னா வெளியூர்க்காரன் நம்பவா போறான்?

பிற்பாடு கேட்டுக்கு ஆள் போட்டாங்க, நேரமும் நல்லா கொறஞ்சுடுச்சு, அத மறைக்கல. ஆனா அந்தக் கேட்டுலதான் எனக்கு விஷயமே வெளங்கிச்சு. நம்மூர்ல எந்த அறிவிப்பா இருந்தாலும் அடிக்கல்லு, இரும்பு, கான்கிரீட்டோட நின்னுபோயிடும். ஃபோட்டோ எடுக்கற மாதிரி இருக்கறதுக்குத்தான் காசு. கேட்டுல நிக்கறவன் சம்பளம், சாயந்தரத்துக்கு இன்னொரு வண்டி, அதுக்கு ஒரு டிரைவரு, இதுக்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாதுல்ல.

திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி லைனப் பாருங்க, மொத்தமே 37 கிலோமீட்டர், 2004ல நிறுத்தினது 2023 ஏப்ரல்லதான் திரும்ப ஓடுச்சு. இடையில வேதாரண்யத்துல ஒரு தலைமுறை ரயிலே பாக்காம வளந்து காலேஜும் முடிச்சிருச்சு. தரங்கம்பாடி லைன் எண்பதுகள்ல போனது போனதுதான், எலெக்சனுக்கு எலெக்சன் மட்டும் பேச்சுல ஓடும். தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை புது லைன் எங்க தாத்தா காலத்து வாக்குறுதி. ஒரு பட்ஜெட்ல தமிழ்நாட்டு புது லைனுங்களுக்கு தலைக்கு 1000 ரூபா ஒதுக்கினாங்களே, ஞாபகம் இருக்கா? 1000 ரூபாய்க்கு சர்வே பண்ற ஆளுக்கு டீ, வடைகூட பத்தாது.

ஒரேயடியா திட்டவும் மனசு வரல. 2021ல திமுககாரங்க டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னாங்க, ஆட்சிக்கு வந்த ஒடனே செஞ்சாங்க, எங்க அத்த இப்ப மார்க்கெட்டுக்கு டிக்கெட் எடுக்காமத்தான் போவுது (பஸ் எப்ப வரும்னு மட்டும் அத்தைட்ட கேட்டுடாதீங்க). ரயில்லயும் 2025 ஏப்ரல்லேருந்து தாம்பரம் - ராமேஸ்வரம் தினசரி வண்டி இந்த லைன்லயே ஓடுது, மீட்டர் கேஜ் காலத்துல சென்னைக்கு ஓடின கம்பன் எக்ஸ்பிரஸ் போனதுக்கப்பறம் பெருசுங்க விட்ட பெருமூச்சுக்கு ஒரு பதில் கெடச்சுது. ஆனா அது சென்னைக்குப் போறவனுக்கு. தெனம் காலைல திருவாரூர் போய் சாயந்தரம் திரும்பறவனுக்கு? என் ஆபீஸ் விடற நேரத்துக்கும் வண்டி நேரத்துக்கும் இன்னிக்கு வரைக்கும் பொருத்தம் பாக்கல. விட்டா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும், அங்கயும் கடைசி பஸ்ஸுல படியிலதான் எடம்.

அதனால மாப்ள, பைக்கையே வாங்கிடு. வண்டி நல்லாருக்கு, பாதை நல்லாருக்கு, காசும் கம்மி, எல்லாம் நான் சொன்னதுதான், இருந்தாலும் வேலை புதுசு, லேட்டாப் போனா மேனேஜர் கேட் கீப்பர் கதையெல்லாம் கேக்க மாட்டான். நான்? நான் போன வாரந்தான் மூணு மாச சீசன் ரின்யூ பண்ணேன், மாசாமாசம் எடுக்கறதவிட கொஞ்சம் மிச்சம். ஏன் பண்ணேன்னு கேக்காத.

இன்னொண்ணு. "டெல்டாவுக்கு கூடுதல் ரயில்கள், விரைவில்"னு வர்ற வாட்ஸ்அப் நியூஸ் கார்ட எனக்கு ஃபார்வர்ட் பண்ற புண்ணியவான்களே, டைம்டேபிள்ல நம்பரும் நேரமும் போட்டப்பறம் அனுப்புங்க, அதுவரைக்கும் குரூப்ப மியூட்லதான் வச்சிருப்பேன்.