சுட்டுவிரலா, பெருவிரலா? கொம்பவுண்ட் வில்லுக்கு நான் எடுத்த ரிலீஸ்

போன வருசம் ஆடி மாதம், கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்துக்கொண்டிருந்த நாட்களில், மணிக்கட்டில் கட்டும் சுட்டுவிரல் ரிலீஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பெருவிரல் ரிலீஸுக்கு மாறினேன். ரிலீஸ் என்றால் வில்லின் நாணைப் பிடித்து இழுத்து விடும் சின்னக் கருவி. ஆறு வருசம் என் கையோடு இருந்த பொருள் அது. மாறியது சரியா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ஓம் என்பேன். ஆனால் மருமகன் கேட்டபோது அப்படி உடனே சொல்ல வரவில்லை. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கொம்பவுண்ட் வில்லுக்குக் கலப்பு அணிப் போட்டி வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வில் என்றால் உயிர். "மாமா, பெரிய ஆக்கள் எல்லாம் கையில பிடிக்கிறதுதானே வச்சிருக்காங்க, எனக்கும் அதையே எடுத்துத் தாங்களன்" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இரண்டையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கொம்பவுண்ட் என்பது முனைகளில் கப்பிகள் பூட்டிய வில். அதன் நாணை வெறும் விரலால் பிடித்து விடுவதில்லை. நாணில் கட்டிய டி-லூப் என்ற சின்னக் கயிற்று வளையத்தில் ரிலீஸின் கொளுக்கியை மாட்டி இழுக்கிறோம். விசை அசைந்ததும் கொளுக்கி திறந்து அம்பு போகிறது. சுட்டுவிரல் ரிலீஸ் பட்டியால் மணிக்கட்டில் கட்டுவது. துப்பாக்கிக்கு இருப்பதுபோல விசை சுட்டுவிரலுக்கு முன்னால் இருக்கும். பெருவிரல் ரிலீஸுக்குப் பட்டி தேவையில்லை. மூன்று அல்லது நான்கு விரல்களுக்குள் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன உருளையைப் பெருவிரல் அணைத்துக்கொள்ளும்.

சுட்டுவிரல் ரிலீஸின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. விலை குறைவு, கீழே விழாது, இழுக்கும் பாரத்தை மணிக்கட்டு ஏந்துவதால் விரல் நோகாது, அரை மணி நேரத்தில் பழகலாம். என் வில் 50 இராத்தல். முழுதாக இழுத்த பிறகு கப்பிகள் பாரத்தை 80 வீதம் குறைத்துவிடுவதால் பிடித்து நிற்கப் பத்து இராத்தல்தான். ஆனாலும் இழுத்துவரும் வழியில் அந்த 50 இராத்தலையும் தாண்டித்தான் ஆக வேண்டும். பெருவிரல் ரிலீஸில் அதை விரல்கள்தான் தாங்கும். முதல் இரண்டு கிழமையும் நடுவிரல் மூட்டில் எனக்கு நல்ல நோவு இருந்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் மாறினேன்? பட்டிதான் காரணம்.

நாங்கள் பழகுவது மட்டக்களப்பில், வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பக்கம், பயிர் இல்லாத நேரம் சும்மா கிடக்கும் ஒரு வயலில். இலக்குக்குப் பின்னால் உயரமான மண் அணை. மாலை மூன்றரைக்குத் தொடங்கினால் இருபது அம்பு போவதற்குள் மணிக்கட்டு நனைந்துவிடும். நனைந்த தோலில் பட்டி முன்னுக்கு வழுகும். தோல் பட்டியானால் ஈரத்தில் இளகியும் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கொம்பவுண்ட் வில்லில் நாண் எவ்வளவு தூரம் வரும் என்பதைக் கப்பிகள் தீர்மானித்துவிடுகின்றன. அதற்கு மேல் அது வராது. அப்படியென்றால் பட்டி தளர்ந்த அளவுக்குக் கைதான் தாடையில் பின்னுக்குப் போக வேண்டும். கை பின்னுக்குப் போனால் விசை விரலை விட்டுத் தள்ளிப்போகும். காலையில் சுட்டுவிரலின் இரண்டாவது மடிப்பில் இருந்த விசை, மாலையில் விரல் நுனிக்கு வந்துவிடும்.

விரல் மடிப்பால் விசையை அணைத்து, முதுகுத் தசையால் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் எப்போது அம்பு போகும் என்று எனக்கே தெரியாது. அதுதான் நல்ல விடுகை. நுனி விரலுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆயுள் முழுக்கத் தட்டி, அழுத்தி, சுட்டிக்காட்டிப் பழகிய விரல் அது. குறி இலக்கின் நடு மஞ்சளுக்குள் வந்த கணமே தட்டிவிடும். தட்டும்போது தோள் குலுங்கும், முன்கை தாழும். மனப்பதற்றம் என்றுதான் இரண்டு வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒழுங்காக அடிக்கிறவனுக்குப் பின்னேரத்தில் மட்டும் ஏன் பதற்றம் வர வேண்டும் என்று ஒருநாள் யோசித்தபோதுதான் பட்டியைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை, வியர்வை இல்லாத நேரம், 30 மீற்றரில் பட்டியை என் வழக்கமான துளையில் மாட்டிப் பன்னிரண்டு அம்பு அடித்தேன். மறுகா ஒரே ஒரு துளை தளர்த்திப் பன்னிரண்டு அம்பு. இரண்டாவது அம்புக் கூட்டம் நான்கு விரல் அளவு கீழே இறங்கியது, அகலமும் கூடியது. போட்டியில் 50 மீற்றரில் அடிக்கும் 80 சென்ரிமீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 8 சென்ரிமீற்றர். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 4 சென்ரிமீற்றர். நான்கு விரல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வளையம், அதுவும் 30 மீற்றரில். 50 மீற்றரில் இன்னும் கூடும். 72 அம்பு அடிக்கும் தகுதிச் சுற்றில், பாதி வழியில் இப்படி நழுவினால் நிலைமை என்ன?

பெருவிரல் ரிலீஸில் நழுவுவதற்கு ஒன்றுமில்லை. உலோகக் கட்டையின் நீளம் காலையிலும் மாலையிலும் ஒன்றே. சுட்டுவிரல், நடுவிரல் கணுக்கள் இரண்டுக்கும் நடுவில் தாடை எலும்பு வந்து பொருந்தும். அந்தப் பள்ளத்தைக் கை தானாகவே தேடிப் போகும். வியர்த்தால் சாரத்தில் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுப் பிடிக்கிறேன், அவ்வளவுதான். இப்போது ஐம்பதாவது அம்பும் ஐந்தாவது அம்பு மாதிரியே விடுபடுகிறது.

ஆனால் பெருவிரல் ரிலீஸ் தட்டும் பழக்கத்தைத் தானாகக் குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். பெருவிரலாலும் தாராளமாகத் தட்டலாம், மூன்றாவது கிழமை நானே தட்டத் தொடங்கினேன். உருளையைப் பெருவிரல் நுனியில் வைக்காமல் அடி மடிப்பில் இறுக்கமாக அணைத்து, பெருவிரலை மறந்துவிட்டுத் தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கப் பழக வேண்டும். மூன்று மீற்றரில் பெரிய வைக்கோல் கட்டை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மாதம் அதை மட்டும் செய்தேன். வீட்டில் வில்லில்லாமல் ஒரு கயிற்று வளையத்தில் மாட்டியும் பழகலாம். வெறும் வில்லை அம்பில்லாமல் விடவே கூடாது, வில் உடைந்துபோகும். இழுத்துவரும்போது பெருவிரல் உருளையில் படக் கூடாது. பாதி வழியில் கொளுக்கி திறந்தால் கை நேரே மூக்கில் வந்து இடிக்கும்.

மாறுவதற்கு வேறு செலவும் உண்டு. கை உட்காரும் இடம் மாறியதால் நாணிலுள்ள பீப், அதாவது குறிபார்க்கும் சின்னத் துளை, கண்ணுக்கு நேரே வரவில்லை. அதை நகர்த்த வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் வேண்டும். மட்டக்களப்பில் அதைக் கடையில் கொடுத்துச் செய்விக்க வழி தெரியவில்லை. கையடக்கப் பிரஸ் ஒன்றைக் கூட்டாளியிடம் இரவல் வாங்கி இரண்டு முறை நகர்த்தினேன். இழுவை நீளத்தையும் அரை அங்குலம் மாற்ற வேண்டி வந்தது. 20, 30, 50 மீற்றருக்கு எழுதி வைத்திருந்த சைட் (குறிபார்க்கும் கருவி) அளவுகள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதினேன். ரிலீஸை மெல்பேர்னிலிருந்து வந்த அத்தான் பையில் கொண்டுவந்தார். சுட்டுவிரல் ரிலீஸ் 50 டொலருக்கும் கிடைக்கும். நல்ல பெருவிரல் ரிலீஸ் ஒன்றுக்கு 150இலிருந்து 300 டொலர் வரை போகும்.

பராமரிப்பு இரண்டுக்கும் வேலைதான். மாரி மழைக்குத் தோல் பட்டி பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டுப் பட்டியில் மணல் ஏறும். பெருவிரல் ரிலீஸுக்கு உள்ளே நுட்பமான பொறி இருப்பதால் எண்ணெய் ஊற்றி வைக்கக் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும். கல்லடிப் பக்கம் உப்புக்காற்றில் திறந்து வைக்காமல், துடைத்து மூடிய டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஒரு வருசம் ஆகிறது, விசை இன்னும் பிசகவில்லை. நாலைந்து வருசம் கழித்து எப்படி இருக்கும் என்பதைப் பாவித்துத்தான் சொல்ல வேண்டும்.

மருமகனுக்கு வயது பதினாலு. வில் பாரம் முப்பது இராத்தலைத் தாண்டவில்லை, விரல்களுக்கும் பலம் வரவில்லை. நிற்கும் முறையே இன்னும் படியாதவனுக்கு ரிலீஸை மாற்றிக் கொடுத்தால் பிழை எங்கே என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் இன்னும் ஒரு வருசம் சுட்டுவிரலிலேயே அடிக்கட்டும் என்று என் பழைய ரிலீஸைக் கொடுத்துவிட்டேன். முகம் கொஞ்சம் வாடியது. பட்டியில் மூன்றாவது துளைக்கு நேரேயும், அவன் மணிக்கட்டு எலும்புக்கு மேலே பட்டி விளிம்பு வர வேண்டிய இடத்திலும் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். ஆறு அம்புக்கு ஒருமுறை துவாயால் துடைத்து, இரண்டு கோடும் சேருதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அம்பை எடுக்கிறான்.