பிரான்ஸில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் பயணம்: மிடி கால்வாயா, கரோன் கால்வாயா, பிரித்தானி பகுதியா, பர்கண்டியா?

பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற வேண்டும், பக்கத்தில் கார் எதுவும் உரசிக்கொண்டு போகக் கூடாது என்று தேடத் தொடங்கினால் எல்லோரும் முதலில் சொல்வது இரண்டு பெயர்கள்தான்: லுவார் ஆற்றுப் பாதை, மிடி கால்வாய். இரண்டுமே பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் 'கார் கூடாது, சத்தம் கூடாது, சுமை ஏற்றிய சைக்கிள் உருள வேண்டும்' என்று மூன்று நிபந்தனைகளைச் சேர்த்து வைத்தால் இரண்டுமே பின்னுக்குப் போய்விடும். முன்னுக்கு வருவது, விளம்பரம் குறைந்த கரோன் கால்வாய்.

முதலில் லுவாரை முடித்துவிடலாம். நெவேர் நகருக்குப் பக்கத்திலுள்ள கூஃபியிலிருந்து அட்லாண்டிக் கரையின் சேன் ப்ரெவான் வரை ஏறத்தாழ 900 கி.மீ. வழிகாட்டிப் பலகைகள் நன்றாக இருக்கின்றன, தங்க இடத்துக்குப் பஞ்சமில்லை, கோடையில் சைக்கிளுக்கென்றே இடம் ஒதுக்கிய ரயிலும் ஓடுகிறது. ஆனால் இது ஒரே பாதை அல்ல. பல துண்டுகளை இணைத்துப் பலகை நட்ட வழி. வெள்ளத் தடுப்புக் கரைமேல் போகும் கிராமச் சாலைகள், ஊர்த் தெருக்கள் எல்லாம் இதில் சேர்த்தி. கார் குறைவு என்பது உண்மை, காரே இல்லை என்பது உண்மையல்ல. ஜூலை, ஆகஸ்டில் ஆம்புவாஸ், ப்ளுவா, ஷாம்போர் பக்கம் அமைதி கிடைக்காது. கோட்டைகள் பார்க்கப் போகிறவர்களுக்கு நல்ல தேர்வு. நம் நிபந்தனைக்குப் பொருந்தாது.

கார் முற்றிலும் தடுக்கப்பட்ட பாதைக்கு அங்கே 'வுவா வெர்த்' என்று பெயர். நீலப் பலகையில் நடப்பவரும் சைக்கிளும் வரைந்திருக்கும். பெரும்பாலும் இவை இரண்டு வகை: படகை இழுத்த குதிரைகள் நடந்த கால்வாய்க்கரை, தண்டவாளம் பெயர்த்தெடுத்த பழைய ரயில் தடம். ரயில் தடம் என்றால் ஏற்றம் இருந்தாலும் மிக மெல்லிய ஏற்றம், பெரும்பாலும் தார். கால்வாய்க்கரை என்றால் தரை கிட்டத்தட்ட மட்டம். ஆனால் மேற்பரப்பு தாராகவும் இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம், வேர் முண்டும் ஒற்றையடியாகவும் இருக்கலாம். பயணம் சுகமா அவஸ்தையா என்பதை இந்த மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது. மிடியும் கரோனும் தென்மேற்கு நகரமான துலூஸில் கைகோக்கும் கால்வாய்கள்தான், ஆனால் டயருக்குக் கீழே இரண்டும் வேறு வேறு உலகம்.

மிடி கால்வாய் பியேர் போல் ரிக்கேயின் கனவு. 1667-இல் தொடங்கி 1681-இல் திறந்தார்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ காயல் வரை 240 கி.மீ. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துலூஸிலிருந்து போர் லோராகே வரையிலான முதல் 50 கி.மீ. சீரான தார்ப்பாதை. இந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்தையும் இப்படித்தான் கற்பனை செய்துகொள்பவர்கள் அதிகம். நொரூஸ் மேட்டைத் தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் தார் முடிகிறது. அங்கங்கே செப்பனிட்டிருக்கிறார்கள் என்றாலும், நடுவே புல் மூடிய ஒற்றையடிப் பாதை, ப்ளேன் மரத்தின் கட்டைவிரல் பருமனிலிருந்து முழங்கை பருமன் வரையான வேர்கள், ஒரு பக்கம் தண்ணீரில் சரியும் ஓரம் என்று நீளும் பகுதிகள் நிறைய. சுமை இல்லாத மலை சைக்கிளுக்கு இது விளையாட்டு. பின்னால் 15 கிலோ பை தொங்கும் சைக்கிளுக்கு அல்ல. வேகம் மணிக்கு 8, 10 கி.மீ.க்கு இறங்கிவிடும்.

இங்கே கெட்டுப்போவது மூன்று விஷயங்கள். முதலாவது பின்சக்கர ஸ்போக்ஸ். சுமை முழுதும் பின்சக்கரத்தில், ஒவ்வொரு வேரும் ஒரு சுத்தியல் அடி. பெரும்பாலும் உடைவது கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) பக்கத்துக் கம்பி. அதை மாற்ற கேசட்டைக் கழற்ற வேண்டும், அந்தக் கருவி வழியில் யாரிடமும் இருக்காது. வளைத்துக் கட்டக்கூடிய கெவ்லர் நூல் ஸ்போக்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் அடுத்த ஊர் வரை தாங்கும். இரண்டாவது மழைக்குப் பின்வரும் களிமண். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு செ.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டால் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. அப்போது சாலைக்கு ஏறிவிடலாம் என்று நினைத்தால், காஸ்தெல்நொதாரிக்கும் கார்காசோனுக்கும் இடையே கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது டி 6113. லாரிகள் பாயும் சாலை அது. பக்கத்திலுள்ள சின்னக் கிராமச் சாலைகளை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது முள். மத்தியதரைக் கடற்கரையை நெருங்க நெருங்க, கோடை முடியும் காலத்தில், நம் ஊர் வரப்பில் காலைக் குத்தும் அதே நெருஞ்சி அங்கேயும் பாதையோரம் படர்ந்து கிடக்கும். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு எடுத்தால் டயரைக் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றியிருந்தால் கவலை குறைவு.

நிழலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரு கரையிலும் 42,000 ப்ளேன் மரங்கள் என்று பழைய கையேடுகள் சொல்லும். 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது, தொற்றிய மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி எரிப்பது ஒன்றே வழி. பெரும் பகுதி போய்விட்டது. வேறு இன மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள், நிழல் தர இன்னும் காலமாகும். படத்தில் பார்க்கும் பச்சைக் குகையை நம்பி ஆகஸ்டில் போனால் நட்டநடு வெயிலில் நிற்க நேரும். காற்றும் இங்கே கட்சி மாறும். வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' வீசினால் கடலை நோக்கிப் போகிறவருக்கு யோகம். தென்கிழக்கிலிருந்து 'ஓதான்' வீசினால் பெடல் மிதித்தும் நகராது.

அப்படியானால் மிடி வேண்டவே வேண்டாமா? மல்பாஸ் சுரங்கம், பெசியேயில் படிபோல் அடுக்கிய, படகை ஏற்றி இறக்கும் ஃபோன்செரான் மதகுகள், சோமாய் கிராமத்தின் கூன்முதுகுப் பாலம் மூன்றும் பார்க்கத் தகுந்தவை. துலூஸ் முதல் காஸ்தெல்நொதாரி வரை மிதித்துவிட்டு, அங்கே பீன்ஸும் இறைச்சியும் சேர்த்து வேகவைத்த கசூலே ஒரு சட்டி சாப்பிட்டுவிட்டு, ரயிலேறி பெசியேயில் இறங்கிச் சுற்றுவதுதான் எங்கள் பரிந்துரை.

கரோன் கால்வாய் இளையது, 1856-இல் முடிந்தது. 193 கி.மீ., 53 மதகுகள், கிட்டத்தட்ட முழுதும் தார். போர்தோவிலிருந்து தொடங்கினால் முதலில் கிடைப்பது கால்வாய் அல்ல, 1937-இல் டூர் தெ ஃபிரான்ஸ் வென்ற ரொஜே லபெபியின் பெயர் சூட்டிய பழைய ரயில் தடம். க்ரெயோன் வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சோவ்தேர் வரை 55 கி.மீ.க்குச் சற்றுக் கூட. அங்கிருந்து கால்வாயைப் பிடிக்கச் சுமார் 15 கி.மீ. கிராமச் சாலை, மேடு பள்ளத்தோடு. மொத்தப் பயணத்தில் காரோடு பாதையைப் பகிர வேண்டிய நீளமான துண்டு இது ஒன்றுதான். ஃபோந்தே அருகே கரைக்கு வந்துவிட்டால் துலூஸ் வரை ஏறத்தாழ தடையே இல்லை. மொத்தம் 260 கி.மீ. அளவுக்கு வரும், நிதானமாக 5 நாள். மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் முதுகைத் தள்ளும்.

வழியில் அஜானில் கால்வாயே ஆற்றைப் பாலத்தில் கடக்கிறது. 23 வளைவுகள், 539 மீட்டர். பாலத்தின் நடுவில் நின்றால் காலடியில் படகு, அதற்கும் கீழே கரோன் ஆறு. ரெம்ப்ராண்ட் 1631-இல் வரைந்த சிலுவை ஓவியம் ல மாஸ் தஜெனே கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. அது இருக்கும் கிராமத்துக்குக் கரையிலிருந்து ஒரு சின்ன மேடு ஏறினால் போதும். முவாசாக்கில் மடாலயத் தாழ்வாரம். மொந்தெக்கில் இரண்டு ரயில் எஞ்சின்கள் தண்ணீரையும் படகையும் சேர்த்தே சரிவில் தள்ளிய இயந்திரம். அது 1974 முதல் 2009 வரை ஓடியது.

குறைகளும் உண்டு. போர்தோ துலூஸ் ரயில் பாதை கால்வாயின் கூடவே ஓடுகிறது. நெடுஞ்சாலையும் அதிகத் தூரத்தில் இல்லை. சில இடங்களில் கார் இல்லையே தவிர, சத்தம் உண்டு. வலான்ஸ் தஜான் பக்கம் கோல்ஃபெக் அணு உலையின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் வெகுநேரம் கண்ணை விட்டு அகலாது. தாரின் கீழே வேர்கள் முண்டிக் கிளம்பிய இடங்களில் வெள்ளைக் கோடு அடித்து எச்சரித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அல்ல. பலருக்கும் தோன்றாத பிரச்சினை சமதளம்தான். இறக்கமே இல்லாததால் பெடலை விட்டு ஓய்வெடுக்க வழியில்லை. ஒரே இருப்பில் நாள் முழுதும் மிதித்தால் உட்காருமிடம் மரத்துப்போகும், சுண்டுவிரல் உணர்விழக்கும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது, ஒவ்வொரு மதகின் சின்ன ஏற்றத்திலும் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பது, கைப்பிடியை மாற்றிப் பிடிப்பது ஆகியவை களிம்பைவிடப் பலன் தரும்.

அமைதி ஒன்றே போதும், வசதி பிறகு என்பவர்களுக்குப் வடமேற்கிலுள்ள பிரித்தானி மாநிலத்தின் நாந்த் ப்ரெஸ்த் கால்வாய். சுமார் 360 கி.மீ., 230-க்கு மேல் மதகுகள், பூப்பந்தல் போட்ட மதகுக்காரர் வீடுகள். ஜோஸ்லானில் தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்கும் ரொஹான் கோட்டை. ரயிலோ நெடுஞ்சாலையோ கூடவே வருவதில்லை. தரை இறுக்கிய மணல். காய்ந்திருந்தால் தாருக்குச் சளைத்ததல்ல, நனைந்தால் அந்த மணல் செயினிலும் பிரேக் பேடிலும் ஏறி அரைக்கும். அங்கே மழைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. தினமும் மாலையில் செயினைத் துணியால் துடைத்து, ஈரத்துக்கான எண்ணெய் விட வேண்டும். ரிம் பிரேக் உள்ளவர்கள் ஒரு ஜோடி பேட் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். கெர்லெதான் அணை கட்டியபோது கால்வாயின் ஒரு பகுதி மதகுகளோடு மூழ்கிவிட்டது; அந்த ஏரியைச் சுற்றிப் போகும்போதுதான் உண்மையான மேடுகள் வரும். இன்னொரு சங்கடம், நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப நினைத்தால் வழி கிடைப்பது. ரெதோனில் நல்ல ரயில் நிலையம் உண்டு; போந்திவியில் பயணிகள் ரயிலே இல்லை. பேருந்தில் சைக்கிளை ஏற்றுவார்களா என்பதை நம்பி முழங்கால் வலியோடு நிற்கக் கூடாது.

நாலே நாள்தான் கையில் இருக்கிறது, குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் தெற்கு பர்கண்டிதான். ஜிவ்ரி முதல் க்ளூனி வரையிலான 44 கி.மீ. ரயில் தடம் 1997-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் வுவா வெர்த் அதுவே. ஷாலோனில் தொடங்கி, பூக்ஸி, கொர்மத்தான், தேஸே, க்ளூனி வழியாக மாகோன் போய், திரும்பும்போது சோன் ஆற்றங்கரை நீலப்பாதையில் தூர்னூ வழியாக ஷாலோன் வந்தால் வட்டம் முடிகிறது. சுமார் 140 கி.மீ. தார் வழவழவென்று இருக்கும், 28 மி.மீ. டயரே போதும். ஷாலோன், தூர்னூ, மாகோன் மூன்றிலும் வட்டார ரயில் நிற்கிறது, யாராவது சோர்ந்தால் அனுப்பிவைக்கலாம். க்ளூனிக்கும் மாகோனுக்கும் நடுவில் புவா க்ளேர் சுரங்கம், 1.6 கி.மீ. கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்வதால் குளிர்மாதங்களில் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது மலைமுகட்டைத் தாண்டும் சாலைதான் வழி. குழந்தைகளோடு அது வேண்டாம்.

டயர் கணக்கு: பர்கண்டி 28, கரோன் 32, பிரித்தானி 38, மிடி 42 மி.மீ. அல்லது அதற்கு மேல். 40 மி.மீ. டயருக்குப் பையும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால் பின்டயரில் காற்றழுத்தம் 45 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும், கல்போல் அடித்தால் வேரின் அடி ஸ்போக்ஸுக்கும் முதுகுக்கும் நேராகப் போகும். பல பாதைகளின் வாயிலிலும் மரத்தடுப்பு வளைத்து வைத்திருப்பார்கள். அகலமான பக்கப் பைகளும் இழுவை வண்டியும் அதில் சிக்கும், இறங்கித் தூக்கத்தான் வேண்டும். மணி எப்போதும், விளக்கு இரவிலும் வெளிச்சம் குறைந்த வேளையிலும் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் 12 வயதுக்குக் கீழ் கட்டாயம்.

வட்டார ரயிலான டி.இ.ஆரில் சைக்கிளுக்கு இடம் உண்டு, ஆனால் கோடையில் சில மாநிலங்கள் முன்பதிவு கேட்கும். போர்தோ, அஜான், மொந்தோபான், துலூஸ், கார்காசோன், பெசியே வழியாக மார்செய் போகும் இன்டர்சிட்டே ரயிலில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். கொக்கிகள் சிலவே, வாரக் கடைசியில் முதலில் தீர்வது அவைதான். குடிநீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். செடிக்கு ஊற்றக் குழாய் ஒன்று அநேகமாக இருக்கும், 'குடிக்கத் தகாதது' என்ற பலகை தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மளிகைக் கடைகள் மதியம் 12.30-க்கு மூடினால் 3 மணி வரை திறக்கா. ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் முழுதும் சின்ன ஊர்களில் ரொட்டிக்கடைகூடச் சாத்தியிருக்கும். ஆகவே ஞாயிறு காலை 11 மணிக்கே இரண்டு நாளுக்கான ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் ஏறிவிட வேண்டும்.