கீழே இறங்கி உட்கார வேண்டிய குளவி: ஹட்சன் ஹார்னெட், நம்பர் 92

மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே இப்சிலாண்டி என்று ஒரு சின்ன ஊர். உலகத்தில் ஹட்சன் கார் விற்ற கடைசி டீலர் கடை அங்கேதான் இருந்தது, இப்போது அதுதான் கார் மியூசியம். பிரமாண்டமாக எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரே ஒரு வண்டிக்காகப் போகலாம். ஹெர்ப் தாமஸ் பந்தயத்தில் ஓட்டிய 1952 ஹட்சன் ஹார்னெட், பக்கவாட்டில் 92 என்று எழுதியிருக்கும். ஹார்னெட் என்றால் குளவி, பேரே வசதியாக அமைந்துவிட்டது.

அந்தக் காலத்து ஸ்டாக் கார் என்பது ஷோரூமில் விற்ற காரேதான். கதவைப் பெல்ட் போட்டுக் கட்டி, நம்பர் எழுதி, அப்படியே மைதானத்தில் இறக்குவார்கள். அதில் ஹட்சன் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. 1951இலும் 1953இலும் தாமஸ் சாம்பியன், நடுவில் 1952இல் டிம் ஃப்ளாக், அவர் ஓட்டியதும் ஹட்சன். அந்த 1952இல் மட்டும் நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பின் 34 பந்தயங்களில் 27 ஹட்சனுக்கு! எதிரில் ஓல்ட்ஸ்மொபீல் புதுப் பாணி வி8 எஞ்சினோடு நிற்கிறது, இது பழைய பாணி ஆறு சிலிண்டர், வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே பக்கத்தில் இருக்கும் ஃப்ளாட்ஹெட். எப்படி ஜெயித்தது?

எஞ்சினையும் குறைசொல்ல முடியாது. 308 கன அங்குலம், அதாவது ஐந்து லிட்டர். 1951இல் 145 குதிரைத்திறன், அப்புறம் இரட்டைக் கார்புரேட்டர் வைத்து ஏற்றினார்கள், பந்தயத்துக்கான 7-எக்ஸ் எஞ்சின் 200ஐத் தாண்டியது. இதற்கான பாகங்களைக் கம்பெனியே 'கடும் உபயோகத்துக்கு' என்று பட்டியலில் போட்டு விற்றது. விற்பனைக்கு இருக்கிற பாகம்தானே, ரூல் என்ன செய்யும்? கில்லாடிகள்.

ஆனால் என்னைக் கேட்டால் ஜெயித்தது எஞ்சின் இல்லை, காரின் தளம். பொதுவாகக் காரில் ஏறுவோம், இதில் இறங்க வேண்டும். காரின் இரும்புச் சட்டத்தின் (ஃபிரேம்) மேலே தளத்தை வைக்காமல், சட்டத்துக்கு நடுவே கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் முழு எடையும் தாழ்வாக இருக்கும், மற்ற வண்டி சாய்ந்து தள்ளாடுகிற வளைவில் இது ஒட்டிக்கொண்டே போகும். டேடோனாவில் பாதி கடற்கரை மணல், பாதி தார் ரோடு என்று இருந்த பாதையில் 1951இல் மார்ஷல் டீக் ஹட்சனில் ஜெயித்ததை நினைத்துக்கொண்டு அந்தத் தளத்தைப் பாருங்கள்.

தளம் என்றதும் ஒரு கதை. டிம் ஃப்ளாக் 1953இல் ஜாக்கோ என்ற குரங்கைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பந்தயம் ஓட்டினார். டயர் தேய்மானத்தைப் பார்க்கத் தளத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. ஒருநாள் குரங்கு கட்டு அவிழ்ந்து அந்தக் கதவைத் திறக்க, கீழிருந்து கல் வந்து அதன் மேலேயே அடிக்க, அது டிம்மின் தோளில் ஏறி ரகளை பண்ண, குரங்கை இறக்கிவிட பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே வண்டியைக் கவனிக்கிற இடத்தில், நிறுத்தவேண்டி வந்தது.

இந்த 92 ரிப்பேர் பார்த்துப் பளபளவென்று நிற்கிற வண்டி, தொட்டுப் பார்க்க நமக்கு வழியில்லை. வேறு எங்காவது சாதா ஹார்னெட் விலைக்கு வந்தால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள். சட்டமும் பாடியும் ஒன்றாக வெல்டிங் ஆனது, அங்கே துரு ஏறியிருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம்தான். கிளட்ச் பிளேட்டில் கார்க் பதித்திருக்கும், அது அதற்கென்று உள்ள தனி எண்ணெயிலேயே ஓடும். சாதா எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கெடுத்துவிடாதீர்கள். பிரேக் பிரமாதம்: எண்ணெய் பிரஷர் போய்விட்டாலும் பெடலை இன்னும் அழுத்தினால் கம்பி இழுத்துப் பின்சக்கரத்தை நிறுத்தும். பின்சக்கரம் சட்டத்துக்கு உள்ளே ஒளிந்திருப்பதால் டயர் மாற்றுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும், இந்த வண்டிக்கு நான் ஐந்துக்கு நாலரை மார்க் மட்டும் கொடுப்பது அதனால்தான்.

இத்தனை ஜெயித்தும் விற்பனை இறங்கிக்கொண்டே போனது. ஒட்டுமொத்தமாக வெல்டிங் ஆன பாடியை வருஷாவருஷம் புது ஸ்டைலுக்கு மாற்றக் கம்பெனியிடம் காசில்லை. 1954இல் நாஷ் கம்பெனியோடு சேர்ந்து கரைந்துபோனது. டார்லிங்டனில் நடக்கும் சதர்ன் 500 பந்தயத்தை 1951இலும் 1954இலும் ஹட்சனில் ஜெயித்த தாமஸ், 1955இல் மூன்றாவது முறையாக அதே இடத்தில் ஜெயித்தபோது அவர் ஓட்டியது செவர்லே.