லாஸ் வேகாஸ் பிளாக்ஜாக்: டிப்ஸை நேரடியாகத் தருவதா, பந்தயமாக வைப்பதா?

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் சீட்டுப் போடும் காசினோ (சூதாட்ட விடுதி) ஊழியர்தான் டீலர். அங்கே அவரின் அடிப்படைச் சம்பளம் குறைவு. டிப்ஸை நம்பித்தான் பிழைப்பு. ஆகவே, கொடுப்பதா வேண்டாமா என்பதல்ல, எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

செலவு
நேரடி: 5 டாலர் சிப் (பணத்துக்குப் பதிலான வில்லை), அவ்வளவுதான்.
பந்தயம்: அதே 5 டாலரை டீலருக்காக உங்கள் ஆட்டத்தின் மேல் கட்டுவது. ஜெயித்தால் டீலருக்கு 10. தோற்றால் சிப் காசினோவுக்கு, அவருக்குப் பூஜ்யம்.

எளிமை
நேரடி: சிப்பை மேசைமேல் வைத்து, உங்களுக்கு என்று சொன்னால் போதும். கையில் திணிக்காதீர்கள்.
பந்தயம்: மேசையில் உங்கள் பந்தயத்தை வைக்கும் வட்டத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அது டீலருக்கு என்று ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

கலகலப்பு
பந்தயம்தான். டீலரும் உங்களோடு சேர்ந்து ஜெயிக்க ஆசைப்படுவார். அதற்காக நல்ல சீட்டு வரும் என்று கனவு காண வேண்டாம். அவர் ஆட்ட விதிகளின்படிதான் ஆட முடியும்.

வெகுநேரம் ஆடுபவர் இடையிடையே பந்தயமாக வைக்கலாம். எழுந்து கிளம்புகிறவருக்கு நேரடி டிப்ஸே சரி. பெரும்பாலான இடங்களில் டீலர்கள் டிப்ஸைப் பொதுவில் சேர்த்துப் பிரித்துக்கொள்வார்கள். தோற்ற பந்தயத்தில் அந்தப் பங்கும் கிடையாது.