கோவையில் 11 முறை கவுன்சலிங் போனேன், காசுக்குத் தகுந்ததுதானா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சென்டரின் பெயரைப் போடப்போவதில்லை. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்த ரோட்டில்தான் குடியிருக்கிறார்கள். பெயரில்லாத ரிவியூ எதற்கு என்று கேட்டால், இந்த மாதிரி இடத்தில் உள்ளே என்ன நடக்கும், எதைப் பார்த்துப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான்.

நான் போனது நெஞ்சுப் படபடப்புக்காக. சாயங்காலம் கணவரின் பைக் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் போதும், கை சில்லிட்டுவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துபோகும். அவர் அடித்ததில்லை. ஒன்றைச் சொல்வார், மறுநாள் கேட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் ஞாபகம் நிற்கறதில்லை" என்பார், இன்னும் கேட்டால் நாலு நாள் பேச்சே இருக்காது, கடைசியில் நானே போய் மன்னிப்புக் கேட்பேன், எதற்கென்று தெரியாமலே. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல்.

அப்புறம் தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு 'லைஃப் கோச்'சிடம் போனேன். அரை மணி நேரம் அவரே பேசினார், பெண்கள் கொஞ்சம் அனுசரித்துப் போனால் வீடு கோயில் என்றார், 21 நாள் கோர்ஸ் ஒன்றுக்குப் பணம் கட்டச் சொன்னார். வெளியே வந்ததும் அந்த நம்பரை பிளாக் செய்தேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டது: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டுகிறவர் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணை நாம் தாராளமாகக் கேட்கலாம். இரண்டாவதாகப் போன சென்டரில் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் அங்கிருந்த சைக்காலஜிஸ்ட் அம்மா காட்டினார்.

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். ஜிஏடி-7 (GAD-7) என்று பெயர், பதற்றத்தை அளக்க ஏழு கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 21க்கு எனக்கு 17 வந்தது. 15ஐத் தொட்டாலே கடுமையான பதற்றம் என்று கணக்காம். மார்க் அதிகம் வாங்கி அழுதது அன்றைக்குத்தான். தேவைப்பட்டால் மாத்திரைக்கு மனநல மருத்துவரிடம் அனுப்புவேன், நான் எழுத முடியாது என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தேவைப்படவில்லை.

நான் எதிர்பார்த்தது ஆறுதல். கிடைத்தது ஒரு நோட்டு. தினமும் ராத்திரி தேதி போட்டு, கணவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், என் கருத்து எதுவும் வேண்டாம். மூன்றாவது வாரம் "நான் சொல்லவே இல்லை" வந்தது. நான் வாதாடவில்லை, உள்ளே போய் எழுதி வைத்ததைப் பார்த்தேன், இருந்தது. என் ஞாபகத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த அந்த ஒரு நிமிடத்துக்கே கட்டின ஃபீஸ் எல்லாம் சரியாகப் போயிற்று என்பேன். (நோட்டை வீட்டில் வைக்காதீங்க என்றும் சொல்லியிருந்தார். ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. ராத்திரி துண்டுத்தாளில் எழுதி, காலையில் அங்கே போய் ஒட்டிவிடுவேன். அன்றைக்குப் பார்த்தது முந்தின நாள் தாளை, அது இன்னும் என் பையிலேயே கிடந்தது.)

படபடப்பு வந்தால் கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நாலு, காதில் விழும் மூன்று, இரண்டு வாசனை, ஒரு ருசி என்று எண்ணச் சொன்னார். சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. ஆனால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அதே மாதிரி பைக் ஒன்று உறுமினபோது, கடலை வறுக்கும் வாசனையும் டீசல் புகையும் வரைக்கும் எண்ணி முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிட்டது.

இரண்டு விஷயத்தில் அவர் முடியாது என்றார், அதுதான் எனக்கு நம்பிக்கையே கொடுத்தது. கண்ணை இட வலமாக அசைத்தபடி பழைய காயத்தை நினைத்துப் பார்க்கும் ஈஎம்டிஆர் சிகிச்சை பற்றி எங்கோ படித்துவிட்டுக் கேட்டேன். "நல்ல முறைதானுங்க, ஆனா உங்களுக்கு இது இன்னும் முடிஞ்சுபோன விஷயம் இல்லீங்களே, தினமும் நடக்குதே, முதல்ல பாதுகாப்பா நிக்கக் கத்துக்கலாம்" என்றார். கணவரையும் கூட்டி வரட்டுமா என்றதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றார், இங்கே நான் மனம்விட்டுச் சொல்வது வீட்டில் எனக்கு எதிராகவே திரும்பும் என்று. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனதை நோகடிக்கும் கொடுமையும் வன்முறைதான் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இனி குறைகள். 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய், மாதம் நாலு முறை என்றால் என் சம்பளத்தில் பெரிய ஓட்டை. மனநலத்தையும் உடல்நலம் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது, சரி, ஆனால் என் பாலிசியில் படுக்கையில் அட்மிட் ஆனால்தான் பணம். கதவு மெல்லிசு, பக்கத்து அறையில் அழுவது கேட்கும். ரிசப்ஷன் பெண் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறாள். "டோக்கன் நம்பர் சொல்லலாமே கண்ணு" என்று கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டு அடுத்த வாரமும் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

பணம் கட்ட முடியாதவர்கள் 14416க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் அதே ஏழு கேள்வித் தாளில் 8 வந்தது. பைக் சத்தத்துக்கு இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன், ஆனால் கரண்டி கையிலேயே இருக்கிறது. இனி மாதம் ஒரு முறை போதும் என்றிருக்கிறார். அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் செவ்வாய்க்கிழமை காலையில் வாங்குங்கள், அன்றைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கும்.