மாத்திரை உறையில் படமா, திருப்பிச் சொல்லவைப்பதா?

கடலூர்ப் பக்கத்தில் மாத்திரை உறையின் மேல் '1-0-1' என்று எழுதித் தருவது வழக்கம். காலையும் இரவும் ஒவ்வொன்று என்பது அதன் பொருள் என, எழுத்தறியாத நோயாளிக்கு யாரேனும் சொன்னாலன்றி விளங்காது. மாற்று வழிகள் இரண்டு: உறையில் சூரியனையும் நிலாவையும் அச்சிடுவது, அல்லது "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று நோயாளியையே சொல்லவைப்பது.

செலவு: படத்துக்கு ஒரு ரப்பர் முத்திரையும் மையும் போதும். சொல்லவைப்பதற்குக் காசு வேண்டாம். நேரம் வேண்டும், வரிசை நீளும்.

நீடிப்பு: உறை இருக்கும்வரை படம் பேசும்; மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் அதோடு போயிற்று. சொன்னதோ மறக்கக்கூடும்.

துல்லியம்: வேறுபாடு பெரிதாவது இங்கேதான். சோற்றுத் தட்டின் படம் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய சர்க்கரை நோய் மாத்திரையான மெட்பார்மினை வெறும் வயிற்றில் விழுங்குவதாக நோயாளி தம் வாயால் சொல்லும்போதுதான் தவறு வெளிப்பட்டு, அங்கேயே திருத்தப்படுகிறது. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பது வீண், அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் ஆட்டியிருக்கிறேன்.

மாதந்தோறும் அதே இரத்த அழுத்த மாத்திரையை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக வீட்டிலேயே பெறுவோருக்குப் படமே போதுமென்பது என் கணிப்பு. புதிதாக இன்சுலின் ஊசியோ இன்ஹேலரோ தொடங்குவோரிடம், சொல்லவைப்பதோடு நில்லாமல், கையில் கொடுத்துச் செய்துகாட்டவும் சொல்ல வேண்டும்.